இரண்டு புள்ளி ஷாஃப்ட்

மோட்டார்த் தொழிலாளர் சங்கத்து மலருக்கு மூன்று பக்கம் எழுதித் தரவேண்டும் என்று நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நாற்பது வருட வேலையை மூன்று பக்கத்தில் எழுதச் சொல்கிறீர்களே, பில் எழுதுகிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டேன். சிரித்தார்கள். வந்தவர்களில் ஒருவர் இளைஞர், ஒரு பண்ணையில் ஜீப் பார்த்துக்கொள்கிறவர். காப்பி குடிக்கும்போது தன் குறையைச் சொன்னார். முன் சக்கரம் இழுக்கவில்லையாம். கியர் பெட்டியை மூன்று முறை இறக்கி ஏற்றிவிட்டாராம். மூன்று முறையும் பெட்டியில் ஒரு குறையும் இல்லையாம்.

எனக்கு அவரைக் கேலி செய்ய வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நானும் அப்படி இறக்கியவன்தான். என்ன, நான் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். மீதி வருடங்களில் ஸ்பானர் பிடித்தேன், கிரீஸில் புரண்டேன், முதுகுவலி சம்பாதித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கத்தைத் தாண்டினால் சங்கத்தார் பொறுத்துக்கொள்ளட்டும்.

விழுப்புரத்தில் ஒரு பஸ், லாரி முதலாளியின் ஷெட்டில் பதினான்கு வயதில் சேர்ந்தேன். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. இரண்டு வருடம் நட்டு கழுவினேன். யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் வண்டி ஓட்டினோம். அந்த அடுப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வது என் வேலை. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் ஷெட்டிலேயே என்னைப் பார்த்துவிட்டு, பையன் இவ்வளவு கறுப்பா என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். என் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து என் முகத்தைக் கழுவிக் காட்டினாள். கல்யாணம் நடந்தது. யுத்தமும் முடிந்தது.

யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் தங்கள் லாரிகளைக் கழித்துக் கட்டினார்கள். எங்கள் முதலாளி மூன்று வண்டிகளை ஏலத்தில் எடுத்தார். மூக்கு சப்பையான, பச்சை வண்டிகள். மூன்றும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியை நாங்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லிவர் இருக்கும். அதை இழுத்துவிட்டால், பின் சக்கரத்துக்குப் போகிற சக்தியில் ஒரு பங்கு முன் சக்கரத்துக்கும் போகும். காய்ந்த ரோட்டில் அது தேவையே இல்லை. சேற்றில் அது இல்லாமல் முடியாது.

சேற்றுக்குத்தான் முதலாளி வாங்கினார். மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றித் திண்டிவனம் ரயிலடிக்குக் கொண்டுவரும் காண்ட்ராக்ட் அவரிடம் இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பளத்துப் பாதை களிமண்ணாகிவிடும். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே கொண்டுவர வேண்டும். முதல் வண்டி எப்போதும் சென்னைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் வண்டி உப்புக்கு. மூன்றாம் வண்டி, ஆற்று மணலைத் தாண்டி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றிவருவதற்கு. அதன் முன் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் ஒன்று உடைந்து, வண்டி விழுப்புரம் ஷெட்டில் ஒரு மாதமாகச் சும்மா நின்றது.

ஷெட்டுக்கு மேஸ்திரி மஸ்தான் பாய். ரயில்வேயில் இருந்து வந்தவர். வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போவார், வெள்ளைச் சட்டையோடு வெளியே வருவார். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. யாரையும் சத்தம் போட்டுத் திட்டமாட்டார். நாம் ஏதாவது சொன்னால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நம் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்.

"பாத்ததா, நெனச்சதா?"

டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். கேட்டார். நினைத்ததுதான். குச்சி விட்டுப் பார்க்கவில்லை. நடுவழியில் நின்ற பஸ்ஸை என்னையே ஒரு மைல் தள்ளவைத்தார். பயணிகள் இறங்கி என்னோடு தள்ள வந்தபோது, "நீங்க குந்துங்க, அவரு தள்ளட்டும்" என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. செய்கிற வேலையை வாய்விட்டு யாரிடமும் சொல்லமாட்டார். எழுதித்தான் வைப்பார், அதையும் ரயில்வேக்காரர் பாணியில், சாக்குக்கட்டியால், வண்டியின் மேலேயே. படிக்கிறவன் படித்துக்கொள்ளட்டும் என்கிற எண்ணம்.

இரண்டாம் வண்டியின் டிரைவர் சவரிமுத்து. ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். பட்டாளத்தில் சேர்ந்து வண்டி ஓட்டக் கற்று, பர்மா எல்லை வரைக்கும் போய்வந்தவர். அவர் குடும்பத்தில் பண்ணைக்காரன் நிலத்தில் கூலிக்கு நிற்காத முதல் ஆள் அவர்தான். ஊரில் அது சிலருக்குக் கண்ணை உறுத்தியது. ஷெட்டிலும் உறுத்தியது. பெயர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள், "மிலிட்டரி" என்பார்கள். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அதனால் நான் பெரிய யோக்கியன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் இரண்டாம் வண்டியோடு என்னையும் திண்டிவனம் ரயிலடி யார்டுக்கு அனுப்பினார்கள். பாய் அப்போது ஊரில் இல்லை. சாமான் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார். நான்காம் நாள் முதல் மழை. உப்பளத்திலிருந்து இரண்டு பர்லாங்கு தூரத்தில் வண்டி புதைந்துவிட்டது. நான்கு ஜோடி மாடு கட்டி வெளியே இழுத்தார்களாம். சவரிமுத்து யார்டுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்புவரை சேறு.

"ஏழுமலை, சின்ன லிவர் சரியா விழுது. கீழ சுத்தற சத்தமும் கேக்குது. ஆனா முன் சக்கரம் இழுக்கல."

சுற்றுகிற சத்தம் கேட்கிறது என்று அந்த மனிதர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றரை நாள் மிச்சமாகியிருக்கும். டிரைவர் சொல்வதை மெக்கானிக் கேட்பதாவது! வலது முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். லிவரை இழுத்து, கியரைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பிடிப்பு இருந்தால் சக்கரம் அசையக்கூடாது. அது ராட்டினம்போலச் சுற்றியது. ஆகவே நடுப்பெட்டியில் பல் கோக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அந்தப் பெட்டிதான் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுப்பது.

பெட்டியை இறக்கினோம். பல் எல்லாம் புதிதுபோல இருந்தது. லிவரை அசைத்தால் கோத்தது, விட்டால் கழன்றது. சரி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று வேறு ஸ்பிரிங் போட்டு ஏற்றினேன். சக்கரம் அப்போதும் சுற்றியது. மறுநாள் காலை மறுபடி இறக்கினேன். லிவரின் கம்பியைச் சற்று நீட்டிப் பார்த்தேன். சக்கரம் அப்போதும் சுற்றியது. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வராத குறை.

சவரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னத நீ கேக்கல. சத்தம் கேக்குதுன்னேன். வண்டி முழுசையும் தூக்கி நிறுத்து. நான் இஞ்சின் போடறேன். நீ கீழ படுத்துக்கினு பாரு."

நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துத் தூக்கினோம். அவர் லிவரை இழுத்து மெதுவாகக் கிளட்சை விட்டார். நான் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பின் சக்கரங்கள் சுற்றின. நடுப்பெட்டியிலிருந்து முன்பக்கம் போகிற நீளத் தண்டும் சுற்றியது, ஜோராகச் சுற்றியது. முன் சக்கரம் இரண்டும் அசையாமல் நின்றன. அதாவது, பெட்டியில் குற்றமே இல்லை. சக்தி முன் அச்சுவரைக்கும் வருகிறது, அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியில் எங்கோ காணாமல் போகிறது.

முன் அச்சின் நடுவில் ஒரு இரும்புக் கூடு உண்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட் சக்கரத்துக்குப் போகும். இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரு பக்கத்து ஷாஃப்ட் உடைந்தாலும் இரண்டு பக்கமும் இழுக்காது. கூட்டுக்குள் வருகிற சக்தி எல்லாம் தடையில்லாத பக்கமாகச் சுற்றி வீணாகிவிடும். வலது சக்கரம் கையில் லேசாகச் சுற்றியதற்கும் அதுதான் காரணம். குற்றம் இடது பக்கம் இருக்கும்போது நான் வலது பக்கத்தைச் சுற்றிப் பார்த்து நடுவில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வலதைத்தான் முதலில் திறந்தேன். ஷாஃப்ட் நன்றாக இருந்தது. முனையில் பாய் அடித்த இரண்டு புள்ளிகள் தெரிந்தன. மூன்று வண்டியின் சாமானும் ஒரே மாதிரி என்பதால், கலந்துவிடாமல் இருக்க, முதல் வண்டியின் ஒவ்வொரு சாமானிலும் உளியால் ஒரு புள்ளி, இரண்டாம் வண்டிக்கு இரண்டு, மூன்றாம் வண்டிக்கு மூன்று என்று அவர் கொத்தி வைத்திருந்தார்.

இடது பக்கத்தைத் திறக்கும்போது முதலாளி காரில் வந்து இறங்கினார். இரண்டு நாளாக உப்பு வரவில்லை என்று கோபம். நான் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மூடித்தட்டைக் கழற்றினேன். வெளியே எல்லாம் ஒழுங்காக, நட்டு எல்லாம் இறுக்கமாக இருந்தது. உள்ளே கையை விட்டேன். ஷாஃப்ட் உடையவில்லை. ஷாஃப்டே இல்லை.

"இல்லன்னா?" என்றார் முதலாளி.

"கழட்டியிருக்குது முதலாளி. கழட்டிட்டு மேல மூடி வச்சிருக்குது."

அந்த வார்த்தையை நான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். முதலாளி சவரிமுத்து பக்கம் திரும்பினார்.

"தொழில் தெரிஞ்சவன் கையிடா இது. மரக்காணத்துல வண்டிய போட்டுக்கினு தங்கறவன் யாரு? அங்கேந்து பாண்டிச்சேரி எவ்ளோ தூரம்? பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள்ள போயிட்டா யாரும் கேக்க முடியாதுன்னு வித்துட்டியா? திருட்டுப் பயலே!"

குமாஸ்தா, மூட்டைக்காரர்கள், ரயிலடி வண்டிக்காரர் என்று பத்து பேர் அங்கே இருந்தோம். சவரிமுத்து நிமிர்ந்து நின்றார்.

"நான் எடுக்கல முதலாளி."

"நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் டைம் தர்றேன். எங்க வித்தன்னு சொல்லு. இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிக்கோ."

குமாஸ்தா அவருடைய லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். முதலாளி போய்விட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சவரிமுத்து யார்டு ஓரத்தில் ஒரு உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தார். திருட்டு கேஸ் என்று ஒரு தடவை போலீஸில் எழுதிவிட்டால் அப்புறம் எந்த முதலாளியும் அவரிடம் வண்டியைக் கொடுக்கமாட்டான். ஊருக்குத் திரும்பிப் பண்ணையில்தான் போய் நிற்க வேண்டும். அவரை வரவேற்கச் சிலர் ஆசையோடு காத்திருப்பார்கள்.

நான் அந்தக் காலி ஹப்பின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். சேறு காய்ந்து உதிர்ந்த இடத்தில், முன் அச்சின்மேல் சந்தனமும் குங்குமமும் தெரிந்தன. ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. விழுப்புரத்தில் அன்று இரண்டாம் வண்டியைக் கழுவுவது என் பங்கு. நார் போட்டு, சீயக்காய் போட்டு, அச்சைக்கூட விடாமல் தேய்த்தேன். பூஜை நாளில் பாய் ஷெட்டுக்கு வரமாட்டார், எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார், அந்த வருடம் ஊரிலும் இல்லை. தேய்க்கும்போது அச்சின் இடது பக்கம் வெள்ளையாக ஏதோ கிறுக்கியிருந்தது. சாக்குக்கட்டி. பழைய கணக்காக இருக்கும் என்று நினைத்தேன், தேய்த்தேன், அது இருந்த இடத்திலேயே அழகாகச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

அது பாய் எழுத்து. ஷாஃப்டைக் கழற்றியவர் பாய். எதற்குக் கழற்றினார்? ஒரு மாதமாக நின்ற மூன்றாம் வண்டி பூஜைக்கு முந்தைய திங்கட்கிழமை ஓடத் தொடங்கியிருந்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சனி ஞாயிறு நான் மயிலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஆனால் இதெல்லாம் நினைத்தது, பார்த்ததல்ல. இதைக் கொண்டுபோய் முதலாளி முன் வைத்தால், பாயைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இழுத்தடிப்பார். பாய் எந்த நாள் வருவார் என்று யாருக்கும் தெரியாது. சவரிமுத்துவுக்கு இருந்தது ஒரே நாள்.

மறுநாள் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போனேன். மூன்றாம் வண்டி மல்லாட்டை மூட்டையோடு கிளம்பத் தயாராக இருந்தது. டிரைவர் நாயுடுவிடம் இடது முன் சக்கரத்தைத் திறக்கவேண்டும் என்றேன்.

"இன்னா வெளாட்றியா? மில்லுல காத்துக்கினு கீறாங்க. புது ஷாஃப்ட் போட்டு பத்து நாள்கூட ஆவல."

"புதுசுன்னு யாரு சொன்னாங்க நாயுடு?"

"யாரும் சொல்லல. திங்கக்கெழம வந்தேன், வண்டி ரெடியா நின்னுச்சு. புதுசாத்தான் இருக்கும்."

நான் பேச்சை நிறுத்திவிட்டு ஜாக்கியைப் போட்டேன். நாயுடு என் பரம்பரையையே திட்டினார். திட்டட்டும் என்று நட்டைக் கழற்றினேன். எட்டு நட்டு. மூடித்தட்டை எடுத்து, கிரீஸைத் துணியால் துடைத்தேன். ஷாஃப்டின் முனையில் இரண்டு புள்ளிகள். மூன்றாம் வண்டிக்குள் இரண்டு புள்ளி. கட்டை விரலால் இரண்டையும் தடவிப் பார்த்தேன்.

மூடாமல் அப்படியே விட்டுவிட்டு முதலாளி வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவும்வரை நின்றேன். ஷெட்டுக்குக் கூட்டிவந்து புள்ளியைக் காட்டினேன். எழுத்தை அழித்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கார்ல ஏறு" என்றார்.

யார்டில் சவரிமுத்து அதே மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சு. ஷாஃப்ட் அந்த வண்டியில இருக்குது. நீ போய் வேலையப் பாரு."

"பத்து பேரு முன்னாடி திருடன்னீங்க முதலாளி. இல்லன்றத மட்டும் தனியா சொல்றீங்களே."

"இன்னாடா, ஊரக் கூட்டித் தமுக்கு அடிக்கணுமா?"

சவரிமுத்து நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் யார்டு நடுவில் போய் நின்று மூட்டைக்காரர்களைக் கூப்பிட்டேன். குமாஸ்தாவையும் வெளியே வரச் சொன்னேன்.

"ஷாஃப்ட்ட கழட்டி மூணாம் வண்டிக்குப் போட்டது மஸ்தான் பாய். எழுதித்தான் வச்சிருக்காரு. அத பூசைக்குத் தேய்ச்சி அழிச்சது நானு. சவரிமுத்து அண்ணாவுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. முதலாளியும் பாத்துட்டுத்தான் வர்றாரு."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் "ம்" என்றார். ஒரே ஒரு "ம்". பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். குமாஸ்தா பெட்டியைத் திறந்து லைசென்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து பாய் யார்டுக்கு வந்தார், தோளில் கோணிப்பை. சென்னையில் மிலிட்டரி கழித்த சாமான் குவியல்களில் தேடிப் பிடித்த ஷாஃப்ட் அதற்குள் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எழுத்த பாத்தியா?"

"பாத்தேன் பாய்."

"படிச்சியா?"

"இல்ல."

அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவர் சவரிமுத்து பக்கம் திரும்பி, "மழைக்குள்ள வேற ஷாஃப்ட்டோட வந்துடலாம்னு நெனச்சேன். வாயால சொல்லிட்டுப் போயிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்குது, மாப் பண்ணிடு" என்றார். எழுந்து சட்டைக் கையை மடித்தார். அன்றுதான் அந்தச் சட்டையில் கிரீஸ் பட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தச் சாமானைக் கழற்றினாலும் ஸ்டியரிங்கில் கம்பி போட்டு அட்டை கட்டுவது ஷெட்டில் வழக்கமாகிவிட்டது.

ஷாஃப்டைப் போட்டு, மழை விட்ட ஒரு மத்தியானம், சவரிமுத்துவும் நானும் உப்பளத்துக்குப் போனோம். வண்டி புதைந்த அதே இடத்தில் முழு லோடோடு இறக்கினார். பின் சக்கரம் சீறிக்கொண்டு கீழே இறங்கியது. வண்டியைச் சற்று நிதானிக்கவிட்டு, சின்ன லிவரை இழுத்தார். கீழே டக்கென்று ஒரு சத்தம். முன் சக்கரம் களிமண்ணைக் கவ்வியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி மேட்டில் ஏறியது. எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது, கத்தியும்விட்டேன்.

கெட்டி ரோடு வந்ததும் அவர் லிவரை விடுவித்தார். இரண்டு மூன்று நாளாக அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டிருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

"அச்ச தேய்ச்சது என் தப்புதான். கோவம் இருந்தா திட்டிடுண்ணா" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தேய்ச்சதுக்கு எனக்குக் கோவமே இல்ல ஏழுமலை. சாமிக்குன்னுதான தேய்ச்ச. நீ விழுப்புரம் போயி தேடினதும், யார்டுல எல்லாரையும் கூப்ட்டு சொன்னதும் நான் மறக்கமாட்டேன். ஆனா மொத நாளு அவரு என்னைத் திருடன்னு சொன்னப்ப, சாட்சிக்குக் காட்ட உங்கையில எந்தப் புள்ளியும் இல்ல, சரிதான். நான் எடுத்திருக்கமாட்டேன்னு உனுக்குத் தெரியும். அந்தப் பத்து பேர்ல நீயும் ஒருத்தனா கம்முனு நின்னுக்கினு இருந்த."

உப்பு மூட்டைகள் பின்னால் அசைந்து முனகின. நான் தலை குனிந்து என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"ஆமாண்ணா," என்றேன், "நின்னேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கியரைப் போட்டார்.